மெட்டுக் கொடுத்தவர்களுக்கு

லெர்விக், ஷெட்லாண்ட் தீவுகள், ஸ்காட்லாந்து

அன்புள்ள எல்லோருக்கும்,

வருகிற வியாழக்கிழமையோடு என் பள்ளி வேலை முடிகிறது. 36 வருஷமாக இந்தத் தீவுகளில் பள்ளிக்குப் பள்ளி பிடிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தாயிற்று. பிரிவுபசார விழா வேண்டவே வேண்டாம் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் அது நடந்தே விட்டது. நன்றி சொல்ல எழுந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. ரீல் என்கிற வேகமான நடன மெட்டு ஒன்றை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை. இந்த ஊரில் யார் யாரென்று பெயர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு மெட்டும் அதில் உண்டு. பக்கத்திலேயே அதை யாரிடமிருந்து வாங்கினேன் என்றும் எழுதியிருப்பேன். இந்தப் பழக்கம் திட்டு வாங்கி வந்தது. 19 வயதில், ஸ்ட்ராத்ஸ்பே என்கிற இன்னொரு வகை நடன மெட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இரவுக் கப்பலேறி ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கிற அபர்டீன் போனேன். எங்கள் ஷெட்லாண்ட் கைக்கு ரீல் தானாக வரும். ஸ்ட்ராத்ஸ்பே அப்படி வராது. அதன் தாளம் நொண்டி நொண்டி, வெட்டி வெட்டிப் போகும். அதற்கு அந்த வடகிழக்கு மண்ணின் வில் வேண்டும். ஒரு பெரியவர் தன் சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டார். நான் பெருமையாக ஒன்று வாசித்தேன். "யார் கொடுத்தது?" என்றார். கேசட்டில் கேட்டது என்றேன். "கேசட்டுக்கு யார் கொடுத்தது?" என்றார். பதில் இல்லை. தெரிந்துகொண்டு வந்தால் பாடம் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டு போனேன். அதன்பின் அவர் கொடுத்ததற்குக் கணக்கே இல்லை. நாலு சுரத்தில் முதலாவதைக் கீழ்வில்லில், அதாவது வில்லைக் கீழ்நோக்கி இழுத்து, இறக்கி, மிச்சம் மூன்றையும் ஒரே மேல்வில்லில் நிறுத்தி நிறுத்தித் தள்ளுகிற அந்த வித்தையை எனக்குப் பழக்க அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பெர்த்ஷயரில் வாழ்ந்த பிடில்காரர் நீல் கௌவின் பேரே மேல்வில்லின் வலுவில்தான் நின்றது, உனக்கு ஏன் அந்தக் கை சோம்புகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நீல் கௌ செத்தது 1807இல். அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுவார்.

ஐயா, இந்த மடல் உங்களுக்கு வந்து சேராது. உங்கள் மகள் படிப்பார்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வரி. என் முதல் முழு அளவுப் பிடில், அவர் இராத்திரி இராத்திரியாகப் பின்னி விற்ற ஃபேர் ஐல் வண்ணக்கோல ஸ்வெட்டர்களின் காசு. எத்தனை என்று கடைசிவரை சொல்லவில்லை.

1970களில் பிடில்காரர் டாம் ஆண்டர்சன் ஷெட்லாண்ட் பள்ளிகளுக்குள் பிடிலைக் கொண்டுவந்தார். அப்போது உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இன்ஷூரன்ஸ் வேலையாக வீடு வீடாகப் போனவர், போன இடத்தில் கிழவர்கள் வாசித்ததை டேப்பில் பிடித்து வைத்துக்கொண்டார். கடலில் எண்ணெய் எடுக்கிற கம்பெனிகள் வந்திறங்கிய காலம் அது. பழைய மெட்டுகள் கிழவர்களோடு போய்விடும் என்று ஊரே நினைத்திருந்தது. 1969இல், தான் பிறந்த எஷனெஸ் பக்கத்தில் விளக்கெரியும் வீடுகள் குறைந்துபோனதைப் பார்த்து அவர் ஒரு மெட்டுக் கட்டினார். 'அணைந்த விளக்கு' என்று அதற்குப் பெயர். இன்று இந்தத் தீவுகளில் பிடில் பிடிக்கிற பிள்ளைகளில் அதை வாசிக்காதவர்கள் குறைவு. அவர் மறைந்தது 1991இல். என் நோட்டில் அவர் பெயர் வருகிற பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடில்காரி என்றால் கச்சேரி மேடை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்குச் சோறு போட்டது பள்ளிக்கூடமும் நடனமும்தான். ஜனவரி கடைசி செவ்வாயில் வருகிற அப்-ஹெலி-ஆ தீத் திருவிழா இரவில், தீப்பந்த ஊர்வலம் முடிந்தபின் வேஷக்காரக் கூட்டங்கள் மண்டபம் மண்டபமாக வந்துகொண்டே இருக்கும். வாத்தியக்காரர்கள் விடியும்வரை எழ முடியாது. அந்த அக்கார்டியன்காரருக்கு நன்றி. இருபது வருஷம் என் இடது காதை அவர் செவிடாக்கினார், ஆனால் என் கை ஓய்ந்த ஒவ்வொரு தடவையும் நான் கேட்காமலே மெட்டை அவர் தூக்கிக்கொண்டார். அதிகாலை நாலு மணிக்கு மண்டபத்துச் சமையலறையிலிருந்து உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சி சூப்பும் பேனக் ரொட்டியும் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்ற பெண்களுக்கு வேறெப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வில்லில் இருந்த வெண்ணெய்க் கறையை நான் துடைக்கவே இல்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். வில்லில் தேய்க்கிற ரோசின் பிசின் பிடிக்காமல் போய் அந்த வில்லுக்குக் குதிரைமுடி மாற்ற வேண்டியிருந்தது, அதனால் என்ன.

படகுக்காரர்கள். வடகோடி அன்ஸ்ட் தீவின் பள்ளிக்குப் போக வேண்டுமானால் டாஃப்ட்டில் ஒரு படகு, யெல் தீவைக் குறுக்கே கடந்து குட்சரில் இன்னொரு படகு. பனியில் என் கார் தவழ்ந்து வருவதைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்தது யாரென்று எனக்குத் தெரியும். கயிறு இழுக்கிற ஒருவர் ஒருநாள் மேல்தளத்தில் காற்றுக்கு எதிராக ஒரு மெட்டை விசிலடித்தார். தாத்தா வாசித்ததாம், வீட்டில் இப்போது பிடிலே இல்லையாம். கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு சுரம் ஏற்றிக் கட்டி வாசிக்கிற பழைய வகை அது. பக்கத்துத் தந்தி கூடவே ஒலித்தால்தான் அது உட்காரும். காருக்குள் உட்கார்ந்து, தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருகி, படகு கரை சேர்வதற்குள் பிடித்துவிட்டேன். நோட்டில் 'படகில்' என்று இருக்கிறது. அன்று மதியமே அது பத்துப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது.

பிடில் ரிப்பேர்காரர் ஒருவருக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறேன். இங்கத்திய ஈரமும் வீட்டுக்குள் ஹீட்டர் சூடும் மாறி மாறித் தாக்கினால் மரத்தின் ஒட்டு விட்டுப்போகும். அப்படி விடுவதே நல்லது, அதற்காகத்தான் தோல்பசை போடுகிறோம், பசை விடாவிட்டால் பலகை பிளக்கும் என்று அவர்தான் விளக்கினார். பள்ளிப் பிடில்களை அவர் பைசா வாங்காமல் ஒட்டிக்கொடுத்த வருஷங்கள் உண்டு. ஒரு பையன் பிடிலில் தந்திகளைத் தாங்குகிற குதிரைக் கட்டையைப் பின்முன்னாக நிறுத்திவைத்து ஒரு மாதம் வாசித்திருந்தான். அதை அவர் திருப்பிவைத்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவனிக்காததைச் சொல்லிக்காட்டாத அந்தப் பெருந்தன்மைக்குத் தனி நன்றி.

ஒரு காலத்தில் என் வேலையையே வெட்டிவிட ஓர் அலுவலகத்தில் பேச்சு நடந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடிதத்தில் என்னைப் 'பகுதிநேரச் செலவினம்' என்று எழுதியிருந்தார்கள். பெற்றோர்கள் போய் நின்றார்கள். பேசவில்லை, பிள்ளைகளை வாசிக்கவிட்டுக் கைகட்டி நின்றார்கள். பேச்சு ஓய்ந்தது. 2021இல் ஸ்காட்லாந்து அரசு பள்ளிகளில் வாத்தியப் பாடத்துக்கு இருந்த கட்டணத்தையே எடுத்தபோது எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஒன்றே ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கங்களில், 'கொடுத்தவர்' என்ற இடத்தில் என் மாணவர்களின் பெயர்கள்தான் அதிகம். எட்டு வயதுக்காரி ஒருத்தி கட்டிய ஜிக் நடன மெட்டுக் கூட இருக்கிறது. இரண்டாம் பாதி சரியில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எனக்குப் பின் வரும் ஆசிரியை பிடில்களை எண்ணிப் பார்த்தபோது சின்னப் பிள்ளைகளுக்கான கால் (1/4) அளவுப் பிடில் ஒன்று குறைகிறது. பெட்டிக்குள் சிவப்புத் துணி, மூடியில் ஒரு ஆட்டுக்குட்டி ஸ்டிக்கர். வாங்கிப்போன பிள்ளை இப்போது கல்லூரியில் இருக்கலாம், பிடில் மாடியறையில் இருக்கலாம். பள்ளி அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். செப்டம்பரில் அந்த அளவுக்கு மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் பிடில் டீச்சர்