மாதிரிக் கார்களுக்கு வண்ணம்: கட்டுரையில் விடுபட்ட முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரிக் கார்களுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அதை வரவேற்கிறேன். ஆயினும், இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையை மறைப்பதற்கு மாஸ்கிங் டேப்பை மட்டுமே கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். நேர்கோடுகளுக்கு அது போதும். பானெட்டில் தொடங்கி மட்கார்டின் வளைவில் ஏறி இறங்கும் நெருப்புச் சுடர் போன்ற வடிவங்களுக்கு அது போதாது. வளைவில் டேப் சுருங்கித் தூக்கிக்கொள்ள, அதன் அடியில் வண்ணம் கசிந்துவிடும். இத்தகைய வேலைக்கென்றே இருக்கும் லிக்விட் மாஸ்க்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

லிக்விட் மாஸ்க் என்பது தூரிகையால் பூசக்கூடிய, காய்ந்ததும் தோலைப் போல உரித்தெடுக்கக்கூடிய திரவம். இவற்றுள் பல, ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டவை. பால் உறையாதிருக்க அமோனியா சேர்க்கப்படுவதால் சீசாவைத் திறந்ததும் நெடியடிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த வாசகர்களுக்கு அந்த நெடி புதிதாக இராது.

ரேடியோ ரிமோட்டால் இயக்கப்படும் ஆர்.சி. கார்களில்தான் இதன் பயன் முழுமையாகத் தெரிகிறது. 1976ஆம் ஆண்டு ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட அதன் முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934, கெட்டியான பிளாஸ்டிக் உடலைக் கொண்டது. இன்று பந்தயத்தில் ஓடும் 1:10 அளவுக் கார்களின் உடலோ மெல்லிய, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வகையால் ஆனது. மோதலில் வண்ணம் உரியாமலிருக்க அதற்கு உட்புறத்தில்தான் வண்ணம் பூசுவார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் நகைகளையும் கண்களையும் முதலில் எழுதிப் பின்னணியைக் கடைசியில் நிரப்புவதைப் போலவே, இங்கும் வரிசை தலைகீழாகிறது. முதலில் அடிக்கும் நிறமே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேலாகத் தெரியும். எனவே கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களை முதலிலும் மஞ்சள் போன்ற வெளிர்நிறங்களைப் பின்னரும் அடித்து, இறுதியில் வெள்ளையைப் பின்பூச்சாகக் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் மஞ்சளின் பின்னே கறுப்பு நிழலாடும்.

செய்முறையில் இரண்டு இடங்களில் பொறுமை வேண்டும். உடலைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி உலர்த்தி, ஜன்னல்களை மறைத்த பின், உட்புறம் முழுவதும் திரவத்தைப் பூச வேண்டும். ஒரே பூச்சு போதாது. ஒவ்வொன்றையும் முழுமையாகக் காயவிட்டு மூன்று நான்கு பூச்சுகள் கொடுத்தால்தான், உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியாமல் ஒரே தாளாக வரும். இரண்டாவது இடம் பிளேடு. வெளிப்புறப் பாதுகாப்புப் படலத்தின் மேல் மார்க்கரால் வரைந்த கோடு உள்ளிருந்து தெரியும். அதன்மேல் புதிய பிளேடை அதன் எடை மட்டுமே அழுந்துமாறு நகர்த்த வேண்டும். அழுத்தினால் பாலிகார்பனேட்டில் கீறல் விழும். பிற்பாடு சுவரில் மோதும்போது உடல் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தக் கீறலிலிருந்துதான். பிறகு அடர்நிறத்துக்குரிய பகுதியை மட்டும் உரித்து, மெல்லிய பூச்சுகளாக அடித்துக் காயவிட்டு, அடுத்த பகுதியை உரிக்க வேண்டும். பாலிகார்பனேட்டுக்கென்று தனி வண்ணங்கள் உண்டு. தமியாவில் அவை பி.எஸ். வரிசை, டி.எஸ். வரிசை கெட்டி பிளாஸ்டிக்குக்கானது. கட்டுரையில் இந்த வேறுபாடும் சொல்லப்படவில்லை.

அலமாரியில் வைக்கும் 1:24 அளவுக் கார்களுக்கு வெளிப்புறத்தில் வண்ணம் பூசுவதால் வரிசை வழக்கம்போல வெளிர்நிறத்தில் தொடங்கும். அங்கே அடிவண்ணம் நன்கு இறுகிய பிறகே திரவத்தைப் பூச வேண்டும். அமோனியா சில அக்ரிலிக் வண்ணங்களைப் பாதிக்கும் என்பதால் மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. துருநிறத்தின் மேல் பஞ்சால் ஆங்காங்கே திரவத்தை ஒற்றி, மேல்நிறம் அடித்து உரித்தால், வண்ணம் பெயர்ந்த பழைய வண்டியின் தோற்றம் அத்தனை இயல்பாக வருகிறது. நாள்கணக்கில் விட்டுவைத்தால் உரிப்பது கடினமாகிவிடும்.

விடுமுறையில் சிறுவர்கள் செய்வதற்கென்று அக்கட்டுரை பரிந்துரைத்திருப்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஸ்ப்ரே அடிப்பதும் அமோனியா கலந்த திரவத்தைப் பூசுவதும் காற்றோட்டமுள்ள இடத்தில், பெரியவர்களின் துணையோடு நடக்க வேண்டும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அவ்வகைத் திரவத்தைத் தொடவே கூடாது. இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிடுவதாயின், இந்த எச்சரிக்கையையும் பிளேடு பிடிக்கும் முறையை விளக்கும் படத்தையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரிக் கார் ஆர்வலர் ஒருவர்,
கோயம்புத்தூர்.