காணோம் என்று சொல்வது யார்?

அன்புள்ள சுமதி,

உன் மெயில் நேற்றே வந்துவிட்டது. பாதி உன் மகள் பிளஸ் டூ முடித்தது பற்றி, மீதி, உன் சி++ கோடிலிருந்து சாரின் ஃபோர்ட்ரான் சப்ரொட்டீனைக் கூப்பிடும்போது வருகிற அந்தப் பாழாய்ப்போன லைப்ரரி பிழை பற்றி. முதல் பாதிக்கு வாழ்த்து, ஆனால் அவளைக் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் எடுக்கவேண்டும் என்று படுத்துகிறாயா என்ன? அவள் வரைகிற படங்களைப் பார்த்தால் ஆர்க்கிடெக்சருக்குப் போகவேண்டிய பிள்ளை. சரி, அந்தச் சண்டையை போனில் போட்டுக்கொள்ளலாம். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படித்து எங்களுக்கு ஒப்பிக்கிறார். நான் அதே வேலையில்தான், அதே சிமுலேஷன் கோடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

"ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, இந்தச் சனியன் காணோம் காணோம் என்கிறது" என்று எழுதியிருந்தாய். இந்த மாதிரி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, அதைச் சொல்கிறது யார் என்றுதான். நம் விஷயத்தில் மூன்று பேர் சொல்லலாம். பில்டு செய்யும்போது, துண்டுகளை ஒட்டி ஒரே ப்ரோக்ராமாக்குகிற லிங்கர் சொல்லும். ஓட்டும்போது, வேண்டிய லைப்ரரிகளைத் தேடி உள்ளே ஏற்றுகிற லோடர் சொல்லும். எல்லாம் தாண்டிப் போனபின் பைத்தானோ ஜாவாவோ தன் பங்குக்கு ஒன்று சொல்லும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது வேறு, அந்த ஆள் பந்தியில் வந்து உட்காருவது வேறு இல்லையா, அப்படித்தான்: லிங்கர் லைப்ரரியின் பெயரை எழுதி வைத்துக்கொள்வதோடு சரி, ஆள் வந்தாரா என்று பார்ப்பது லோடரின் வேலை. நீ அனுப்பிய செய்திகள் இந்த மூன்று பேரும் ஆளாளுக்குச் சொன்னது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து தேடினாய், அதனால்தான் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது.

முதல் செய்தியைத் திரும்ப எடுத்துப் பார். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு என்று ஆரம்பித்து, டிஜிஇஎஸ்வி (லாபேக் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியில் சமன்பாடுகளைத் தீர்க்கிற ரொட்டீன்), கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர், அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இன்ட் ஸ்டார், இன்ட் ஸ்டார், டபுள் ஸ்டார் என்று ரயில் மாதிரி ஓடுகிறது. அந்த அடைப்புக்குறிதான் துப்பு. சி++ தன் ஃபங்ஷன் பெயரோடு ஆர்க்யுமென்ட் வகைகளையும் பின்னிவிடும். லிங்கர் அதைப் பிரித்து நமக்குப் புரிகிற மாதிரி காட்டும்போதுதான் இப்படி அடைப்புக்குறி வருகிறது. லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதியது, 1992-இல் வெளிவந்தது, அதற்கு இந்தப் பின்னல் வேலையெல்லாம் தெரியாது. ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, வாலில் ஒரு அண்டர்ஸ்கோர் ஒட்டும், அவ்வளவுதான். ஆக, அடைப்புக்குறியோடு ஒரு பெயரை லிங்கர் தேடினால் உலகத்தில் எந்த லைப்ரரியிலும் அது கிடைக்காது, நீ லாபேக்கை எத்தனை தடவை அழித்து இன்ஸ்டால் செய்தாலும். டிக்ளரேஷனுக்கு முன்னால் எக்ஸ்டெர்ன் "சி" போடு, தீர்ந்தது. அதைப் போட்டபிறகும், அடைப்புக்குறி இல்லாமல் வெறும் பெயரோடு அதே செய்தி வந்தால்தான் லைப்ரரி நிஜமாகவே குறைகிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் வரிசை தப்பு. வரிசை என்றால், நம் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் முதலில், பிறகு லாபேக், பிறகு லாபேக் நம்பியிருக்கிற பிளாஸ் லைப்ரரி, கடைசியில் ஜிஃபோர்ட்ரான் லைப்ரரி. கேட்கிறவர் முன்னால், கொடுக்கிறவர் பின்னால். லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் போகும், உபுண்டுவில் இன்னும் கறார், அந்த இடம் வரைக்கும் யாருக்கும் தேவைப்படாத ஷேர்டு லைப்ரரியை (ஓட்டும்போது வந்து சேர்கிற வகை) கூடத் தூக்கிப் போட்டுவிடும்.

உன் மெயிலில் அடுத்து இருந்தது ஜிஃபோர்ட்ரான் எஸ்டி ரைட் என்ற ஒன்று. "இப்படி ஒரு ஃபங்ஷனை நானும் எழுதவில்லை, சாரும் எழுதவில்லை" என்று கேட்டிருந்தாய். சார் எழுதியிருக்கிறார்டி! அந்த வெப்பக் கடத்தல் சப்ரொட்டீனில் எங்கோ ஒரு ரைட் ஸ்டேட்மென்ட் இருக்கும், "மேட்ரிக்ஸ் சிங்குலர்" என்று திரையில் போடுவதற்கு. ஃபோர்ட்ரானில் ரைட் என்பது கம்பைலர் தன் ரன்டைம் லைப்ரரியை, அதாவது ஓடும்போது உதவுகிற கோடை, கூப்பிடுகிற கூப்பாடு. கடைசி லிங்க்கை நீ ஜிஃபோர்ட்ரானால் செய்திருந்தால் அதுவே தன் ரன்டைமைச் சேர்த்திருக்கும். நீ சி++ கம்பைலரான ஜி++ கொண்டு செய்தாய், அது சி++ ரன்டைமை மட்டும்தான் தானாகச் சேர்க்கும். எந்த மொழியின் கம்பைலரால் லிங்க் செய்கிறாயோ அந்த மொழியின் சாமான்கள் தானாக வரும், மற்ற மொழியின் சாமான்களை நீதான் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், அதாவது ஹைஃபன் எல் ஜிஃபோர்ட்ரான்.

அதைப் போட்டதும் "கேனாட் ஃபைண்ட்" என்று வந்ததே, அது வேறு கதை. யூஎஸ்ஆர் லிப் கீழே லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.5 இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தாய். இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிங்கர் தேடுவது கடைசியில் எண் இல்லாத லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ. எண்ணோடு இருப்பது ஓட்டுவதற்கு, எண் இல்லாதது பில்டு செய்வதற்கு, அது டெவலப்மென்ட் பேக்கேஜில்தான் வரும். அதிலும் டெபியன், உபுண்டுவில் அந்த ஃபைல் யூஎஸ்ஆர் லிப்பில் நேராக இருக்காது, ஜிசிசியின் (ஜி++, ஜிஃபோர்ட்ரான் இரண்டும் அடங்கிய கம்பைலர் தொகுப்பு) தனி டைரக்டரிக்குள், வெர்ஷன் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். ஜி++ 12, ஜிஃபோர்ட்ரான் 11 என்று கலந்து வைத்திருந்தால் ஒன்றின் வீட்டுக்குள் மற்றது எட்டிப் பார்க்காது. இரண்டையும் ஒரே வெர்ஷனாக வை. எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ஜிஃபோர்ட்ரானிடமே பிரின்ட் ஃபைல் நேம் ஆப்ஷனைக் கொடுத்துக் கேள், முழுப் பாதையையும் சொல்லும். பாதை சொல்லாமல் நீ கேட்ட பெயரையே திருப்பிச் சொன்னால், அதற்கே தெரியவில்லை என்று பொருள்.

அப்புறம் இரண்டாவது ஆள், லோடர். உன் லேப் மெஷினில் பில்டு ஆகி ஓடுகிறது, மாணவர் மெஷினுக்குக் கொண்டுபோனால் லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3 இல்லை என்கிறது. அந்த 3 என்ற எண்ணைப் பார்த்ததுமே உன் லேப் மெஷினின் வயது தெரிந்துவிட்டது எனக்கு. ஜிசிசி 6 வரைக்கும் 3, ஜிசிசி 7-க்கு மட்டும் 4, 8-இலிருந்து 5. உபுண்டு 16.04-ஐ இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், சரிதானே? இணையத்தில் இதற்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், 5-க்கு 3 என்று ஒரு சிம்லிங்க், அதாவது அந்த ஃபைலையே காட்டுகிற மாற்றுப்பெயர், போட்டுவிடு என்று. போடாதே. அந்த எண் மாறியதே உள்ளே பொருந்தாமல் போனதால்தான். சிம்லிங்க் போட்டால் லோடர் ஏமாந்துவிடும், ப்ரோக்ராம் ஏமாறாது; அதுவும் உடனே விழுந்தால் அதிர்ஷ்டம், விழாமல் தப்பான வெப்பநிலையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் யார் கண்டுபிடிப்பது? சோர்ஸ் கையில் இருக்கிறது, புது மெஷினில் திரும்பக் கம்பைல் செய். எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது.

திரும்பக் கம்பைல் செய்யும்போது ஒன்று கவனி, இது எந்தப் பிழைச்செய்தியும் தராது என்பதால் சொல்கிறேன். ஃபோர்ட்ரான் ரொட்டீனுக்கு எழுத்துச் சரத்தை அனுப்பினால், அதன் நீளமும் கண்ணுக்குத் தெரியாத ஆர்க்யுமென்டாகக் கடைசியில் போகவேண்டும். ஜிசிசி 7 வரை அது இன்ட் வகை எண், 8-இலிருந்து சைஸ் டி என்கிற வேறு வகை. டிஜிஇஎஸ்வியில் சரம் எதுவும் இல்லை, அதனால் தப்பித்தாய். சோலஸ்கி என்கிற மேட்ரிக்ஸ் பிரிப்புப் பக்கம் போனால், லாபேக்கின் டிபிஓடிஆர்எஃப்பில் மேல் முக்கோணமா கீழ் முக்கோணமா என்று சொல்ல ஓர் எழுத்து அனுப்புவாயே, அங்கே பலரும் நீளத்தை அனுப்பாமலே பல வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2019-இல் ஜிஃபோர்ட்ரானின் புது ஆப்டிமைசேஷன் வந்ததும் ஆர் மொழிக்காரர்கள் பக்கம் பேக்கேஜ்கள் உடைய ஆரம்பித்தன, அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. புதிதாக எழுதுகிற இடத்திலாவது சி-யோடு பேசுவதற்கென்றே ஃபோர்ட்ரான் 2003-இல் வந்த ஐஎஸ்ஓ சி பைண்டிங்கைப் பயன்படுத்து. வால் அண்டர்ஸ்கோர் தலைவலியும் அதோடு போய்விடும், பெயரை நீயே முடிவு செய்யலாம்.

லோடரிடம் வருகிறேன். எல்டிடி கட்டளையை உன் ப்ரோக்ராம் மேல் ஓட்டினால் எது நாட் ஃபவுண்ட் என்று வரிசையாகச் சொல்லும். அந்நியர் கொடுத்த பைனரி மேல் மட்டும் அதை ஓட்டாதே, சில சமயம் அது ப்ரோக்ராமையே எழுப்பிவிடும். அங்கே, ஓட்டாமல் ஃபைலைப் படித்து மட்டும் சொல்கிற ரீட்எல்ஃப் ஹைஃபன் டி போதும். எங்கெங்கே தேடினது என்று பார்க்கவேண்டுமானால் எல்டி டீபக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு லிப்ஸ் என்று மதிப்புக் கொடுத்து ஓட்டு, ஒவ்வொரு டைரக்டரியாக அது ஏறி இறங்குவதை அப்படியே கொட்டும். எனக்குப் பிடித்த கருவி அதுதான், யூகமே வேண்டாம்.

டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற உன் பாஷ்ஆர்சி ஃபைலில், லோடர் எங்கே தேடவேண்டும் என்று சொல்கிற எல்டி லைப்ரரி பாத் போட்டு வைத்திருப்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு. ஒரு ப்ரோக்ராமுக்காகப் போட்டது அந்த டெர்மினலில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் போய் விழுகிறது, நாளைக்கு கிட், கர்ல் மாதிரி வேறு கட்டளை ஏதாவது விநோதமாக உடைந்தால் காரணமே தெரியாது. அட்மின் உரிமையோடு ஓட்ட சுடோ போட்டால் அது காணாமல் போகும், அதுவும் ஒரு குழப்பம். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால் போடு, அதோடு நிறுத்து. நிரந்தரமாக வேண்டுமானால் லிங்க் செய்யும்போதே ஆர்பாத் கொடு, அதாவது தேடவேண்டிய பாதையை ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதி வை, டாலர் ஆரிஜின் என்று கொடுத்தால் ப்ரோக்ராம் இருக்கிற இடத்தை வைத்தே தேடும், மாணவர்கள் ஃபோல்டரை எங்கே தூக்கிப்போனாலும் ஓடும். டெர்மினலில் அதை ஒற்றை மேற்கோளுக்குள் போடு, இல்லாவிட்டால் ஷெல் விழுங்கிவிடும். பில்டு கட்டளைகளை எழுதி வைக்கிற மேக்ஃபைலில் டாலரை இரண்டு தடவை போடவேண்டும். இன்னொரு பொடி விஷயம், இப்போதைய லினக்ஸ்களில் அது பெரும்பாலும் ரன்பாத் என்றுதான் பதிவாகும், அது நேராகத் தேவைப்படும் லைப்ரரிக்கு மட்டுமே செல்லும், லைப்ரரிக்குத் தேவைப்படும் இன்னொரு லைப்ரரிக்குச் செல்லாது. உன் சி++ லைப்ரரியிலும் தனியாக ஆர்பாத் வை.

மூன்றாவது ஆள் பைத்தான். ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.30, அதாவது சி++ ரன்டைமின் ஒரு வெர்ஷன் குறி, இல்லை என்று இம்போர்ட் எரர். இது லைப்ரரி இல்லை என்பதே இல்லை, லைப்ரரி இருக்கிறது, பழசு. நீ சிஸ்டம் ஜி++ 12-ஆல் கம்பைல் செய்தாய், மாணவர்கள் கோண்டா என்கிற பேக்கேஜ் மேனேஜருக்குள் இருக்கிற பைத்தானை ஓட்டுகிறார்கள், கோண்டா தனக்கென்று ஒரு சி++ ரன்டைம், அதாவது லிப்எஸ்டிடிசி++, வைத்திருக்கிறது, அது முதலில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டாவது வராது. கோண்டா ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து அந்த லைப்ரரியைப் புதுப்பி, அதைவிட நல்லது கோண்டாவின் கம்பைலராலேயே மாட்யூலைக் கட்டு. கோண்டாவின் ஃபைலை அழித்துவிட்டு சிஸ்டம் ஃபைலை அங்கே காப்பி செய் என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது, அதைச் சொன்னவன் அடுத்த அப்டேட்டுக்கு உன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

விண்டோஸ் வைத்திருக்கிற அந்த ஒரு பையனுக்கு: பைத்தான் 3.8-இலிருந்து எக்ஸ்டென்ஷன் மாட்யூலின் டிஎல்எல்களை (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரிகள்) பாத் வேரியபிளில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஓஎஸ் மாட்யூலில் ஆட் டிஎல்எல் டைரக்டரி என்று ஒன்று இருக்கிறது, இம்போர்ட்டுக்கு முன்னால் அதைக் கூப்பிடச் சொல். அங்கே வருகிற செய்தி உன் மாட்யூலின் பெயரைத்தான் சொல்லும், ஆனால் நிஜத்தில் காணாமல் போயிருப்பது அதற்கு வேண்டிய வேறொரு டிஎல்எல், பெரும்பாலும் விண்டோஸுக்கான ஜிசிசியான மின்ஜிடபிள்யூவின் லிப்ஜிஃபோர்ட்ரான். பாவம், பையன் மாட்யூலை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் எக்ஸ்டெர்ன் சி, பிறகு லிங்க் வரிசை, பிறகு புது மெஷினில் கம்பைல், கடைசியில்தான் கோண்டா, இந்த வரிசையிலேயே போ. நடுவில் நின்றால் ரீட்எல்ஃப் காட்டுவதையும் முழுப் பிழைச்செய்தியையும் எழுத்தாகவே அனுப்பு, போட்டோ எடுத்து அனுப்பாதே, அதில் எனக்குக் கண் தெரியவில்லை, அப்பாவிடம்தான் படிக்கச் சொல்லவேண்டும். மே மாதம் நம் பேட்ச் ஒன்றுகூடல் என்று குரூப்பில் அடித்துக்கொள்கிறார்களே, நீ வருவாயா? நீ வந்தால் நானும் வருகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் யாரோடு பேசுவது. அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வானதி