எம்டன் பெயர் நிலைத்தது. இறந்தவர்கள் பெயர் எங்கே?

சென்னையின் வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கும் எம்டன் கல்வெட்டைப் பற்றியது இந்த மடல். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வீசிய குண்டு விழுந்த இடத்தை அது காட்டுகிறது. அது போதாது என்பதே என் முறையீடு.

அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில், போர்க்காலம் என்ற நினைவே இல்லாமல் நகரம் விளக்கேற்றி வைத்திருந்தது. உயர் நீதிமன்றத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. இருளில் கரையை நெருங்கிய எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் மாண்டார்கள். அடுத்த நாட்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள்.

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் மியூலரை நான் பழிக்க வரவில்லை. வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டவர் அவர். பகைவரே மதித்த மனிதர். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனைச் சிதைத்தபோது, அவருடைய மாலுமிகள் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்கக் கரையிறங்கியிருந்த ஐம்பது பேர், கப்பலின் அதிகாரி ஃபான் மியூக்கே தலைமையில் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிப் புறப்பட்டார்கள். பிறகு கப்பல் மாறி, அரேபியப் பாலைவனத்தில் சண்டையிட்டு, 1915இல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மனி உரிமை தந்தது. எம்டனின் பீரங்கி ஒன்றைச் சிட்னி நகரம் ஹைட் பூங்காவில் நிறுத்தியிருக்கிறது. நாமோ ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். கண்டிப்பான அப்பாவையும் கில்லாடியான ஆளையும் "எம்டன்" என்கிறோம். நம் துறைமுகத்தில் செத்தவர்கள் யார் என்று எவரைக் கேட்டாலும் தெரிவதில்லை. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் செப்டம்பரில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் செய்த உண்மையான பணிகளே அவருக்குப் பெருமை. இந்தக் கட்டுக்கதை அவருக்கு வேண்டாம்.

ஆகவே அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். கொளுத்தும் வெயிலில் நின்று படிப்பவருக்கும் புரியும்படி, பெரிய எழுத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும். அன்று இறந்தவர்களின் பெயர், தொழில், வயது என எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் பொறியுங்கள். அதற்கு முதலில் 1914ஆம் ஆண்டின் துறைமுக, காவல்துறைக் கோப்புகளையும் அந்த வார நாளிதழ்களையும் தேட ஆளை அமர்த்துங்கள். அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் நானும் வந்து உட்கார்ந்து தேடுகிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்