‘மாட்டேன்’ வேறு, ‘மாட்டேன்னு நினைக்கிறேன்’ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 கோடை விடுமுறையில் வந்துவிடும். அதனால் எங்கள் பள்ளியில் ஜூன் மாதம் திறந்த பிறகுதான் உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கும். பல வருடங்கள் இவற்றை முன்னின்று நடத்திய ஆசிரியை நான். முடிவில் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். புகைப்பதால் என்ன நோய் வரும் என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் சரியாக எழுதிவிடும். சிகரெட் அட்டையில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்கும் நாட்டில், புற்றுநோய் வரும் என்று தெரியாத பிள்ளை யார்? அப்படி எல்லாவற்றையும் சரியாக எழுதிய ஒரு பையனை மறுவருடம் பள்ளிச் சுவருக்குப் பின்னால் சிகரெட்டோடு பார்த்தேன். அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு என்று பட்டது.

சரியான கேள்வியை 1990களிலேயே அமெரிக்காவில் ஜான் பியர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கேட்டிருக்கிறது. இதுவரை புகைக்காத பிள்ளைகளிடம் மூன்றே கேள்விகள். சீக்கிரத்தில் ஒரு சிகரெட் பிடித்துப் பார்ப்பாயா? நெருங்கிய நண்பன் கொடுத்தால் வாங்கிப் பிடிப்பாயா? ஒரு வருடம் கழித்து நீ புகைத்துக்கொண்டிருப்பாயா? மூன்றுக்கும் ‘கண்டிப்பாக மாட்டேன்’ என்று சொன்னால்தான் உறுதியானவன். ‘அநேகமாக மாட்டேன்’ என்று ஒன்றுக்குச் சொன்னாலும் தடுமாறக் கூடியவன் என்றே கணக்கு. சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, இப்படித் தடுமாறியவர்களே அதிகம் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இதையே துண்டுச் சீட்டில், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கேட்டேன். தீமைகளைப் பற்றிய கேள்வியில் ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை. ஆனால் நண்பன் கொடுத்தால் என்ற இடத்தில் ‘மாட்டேன்னு நினைக்கிறேன்’ என்று பல சீட்டுகள். ஒன்றில், ‘வேணாம்னா அவன் கோவிச்சுக்குவான்’. இந்தப் பிள்ளைக்கு நுரையீரல் படம் காட்டி என்ன பயன்? நட்பு கெடாமல் மறுப்பது எப்படி என்று யாராவது பழக்கிவிட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பே தாமதம் என்றும் இப்போது நினைக்கிறேன். 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019இல் இந்தியா முழுவதும் எடுத்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 8.5 சதவீதம் பேர் அப்போது ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேரும், பீடி பிடித்துப் பார்த்தவர்களில் 47 சதவீதம் பேரும் பத்து வயதுக்குள் தொடங்கியவர்கள். அதாவது நான்காம், ஐந்தாம் வகுப்பு! அந்த வயதில் பீடியைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் நம் வீடுதான். ‘அப்பாவுக்கு ஒரு கட்டு வாங்கிட்டு வா’ என்று அனுப்புகிறோம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பள்ளி வாசலில் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே சிகரெட்டைச் சில்லறையாக விற்கிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறை இந்த மூன்று கேள்விகளை ஐந்தாம் வகுப்பிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். பத்து நிமிட வேலை. சீட்டில் பெயர் இருக்கக் கூடாது, யார் எழுதியது என்று தலைமையாசிரியர் தேடவும் கூடாது. தேடினால் மறுவருடம் எல்லாச் சீட்டிலும் ‘கண்டிப்பாக மாட்டேன்’ என்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்