பெண்களுக்கான டம்பெல் செட்: தட்டு, நட், பயிற்சி அட்டை மூன்றிலும் குறை

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டம்பெல் செட்டின் குறைகளைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

‘40 வயதைக் கடந்த பெண்கள் மீண்டும் எடைப்பயிற்சி தொடங்க’ என்று அச்சிட்டு நீங்கள் விற்கும் டம்பெல் செட்டை வாங்கியிருக்கிறேன். பெட்டியின் நிறத்தைத் தவிர வேறெதுவும் அந்தப் பெண்களை மனதில் வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

பெரிய குறை, எடை ஏறும் படி. வெறும் கைப்பிடியே 2 கிலோ இருக்கிறது. இதைப் பெட்டியிலும் சொல்லவில்லை, கைப்பிடியிலும் பொறிக்கவில்லை. தராசில் வைத்தால்தான் தெரியும். இருப்பதிலேயே சிறிய தட்டு 1.25 கிலோ. பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் 4.5 கிலோ, அடுத்த படி 7 கிலோ. உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கும், குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ரோயிங்குக்கும் இது பெரிய தாவல் இல்லை. தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ்ஸுக்கும், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸுக்கும் நடக்காத காரியம். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு ரெப் (பயிற்சியை ஒருமுறை செய்வது ஒரு ரெப்) செய்ய முடிந்தால் 2 முதல் 10 சதவீதம் எடையைக் கூட்டலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை. நீங்கள் கூட்டச் சொல்வது 55 சதவீதத்துக்கும் மேல்! நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடங்கும்போது தசை பழைய பலத்துக்குச் சீக்கிரம் திரும்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தூக்க முடிகிறதே என்று தட்டை ஏற்றினால் தோளும் முழங்கையும்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இரண்டு டம்பெல்லுக்குமாக 0.25 கிலோ, 0.5 கிலோ தட்டுகள் நான்கு நான்கு சேர்த்திருந்தால் 4.5, 5, 5.5, 6 என்று பதமாக ஏறலாம்.

அடுத்தது, தட்டு கழலாமல் முனையில் முடுக்கும் ஸ்டார் நட். உள்பக்கம் ரப்பர் வளையத்துக்கான பள்ளம் இருக்கிறது, வளையத்தைக் காணோம். இரும்போடு இரும்பு உரசுவதால் பயிற்சியில் ஒரு செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு) முடிவதற்குள் நட் அரைச்சுற்று தளர்ந்து தட்டு கடகடவென்று ஆடுகிறது. தலைக்கு மேலே தூக்கும் பொருளில் இது சின்ன விஷயம் இல்லை.

கூட வந்த பயிற்சி அட்டையை எழுதியவர் யாரென்று அறிய ஆசை. வாரத்துக்கு 6 நாள், முதல் நாளே ஜம்ப் ஸ்குவாட் 4 செட், செட்டுக்கு 20 ரெப். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அந்த வலியின் மேலேயே மறுநாளும் குதிக்கச் சொல்கிறது அட்டை. குதிக்கும்போது சிறுநீர் கசிவது இந்த வயதில் பலருக்கும் உள்ள தொல்லை, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘மூச்சை அடக்கித் தூக்கவும்’ என்ற குறிப்பு அதை இன்னும் மோசமாக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்து மேலுடலை முன்னோக்கிச் சுருட்டித் தூக்கும் கிரஞ்ச் நூறு வேறு! எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகெலும்பைத் திரும்பத் திரும்ப முன்னோக்கி வளைத்தால் எலும்பு நொறுங்கவும் கூடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைவதால்தான் பலர் எடைப்பயிற்சிக்கே வருகிறார்கள்.

அட்டையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: வாரத்தில் இடைவெளி விட்டு 2 நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட், ஒரு கை ரோயிங், தரையில் படுத்துச் செய்யும் பிரஸ், டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு நடப்பது. முதல் நான்கு பயிற்சியும் 2 செட், 8 முதல் 12 ரெப். இன்னும் இரண்டு மூன்று ரெப் முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாதி எடையில் ஒரு செட் வார்ம்-அப்.

ஆகவே, விடுபட்ட நான்கு ரப்பர் வளையங்களையும் மேலே சொன்ன சிறு தட்டுகளையும் கட்டணமின்றி அனுப்புங்கள். கைப்பிடியின் எடையைப் பெட்டியில் அச்சிடுங்கள். இந்த அட்டையை விற்பனையிலுள்ள பெட்டிகளிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் செட்டைத் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் கேட்பேன். பில்லின் நகலும் நட்டின் படமும் இணைப்பில்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்