கணினி வைத்தால் செல்லும், நான் வைத்தால் செல்லாதா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் ஆங்கிலச் சொல் விளையாட்டுச் செயலி 'க்யூ' (Q) எழுத்துச் சொற்களை ஏற்க மறுப்பது

வணக்கம்.

உங்கள் செயலிக்குச் சந்தா கட்டி ஆடுபவன் நான். சென்ற வாரம் 'நிபுணர்' நிலையில் கணினியோடு ஆடினேன். அது 'க்யூ, ஐ' (QI) என்ற இரண்டெழுத்துச் சொல்லை, க்யூவின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் சேரும்படி வைத்து, ஒரே வீச்சில் 62 புள்ளிகளை அள்ளிக்கொண்டது. சரி, முறையான சொல்தான். சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது. எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தின் வட அமெரிக்கப் போட்டிச் சொற்பட்டியலில் 2006-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் அதே சொல்லை நான் வைத்தபோது, 'இப்படி ஒரு சொல் இல்லை' என்று சிவப்பில் காட்டி, என் முறையையும் பறித்துக்கொண்டது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். க்யூவுக்குப் பின்னால் 'யூ' (U) வந்தே ஆக வேண்டும் என்று பதில் வந்தது. இது பள்ளிக்கூட விதி. அரபு, எபிரேயம், சீனம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஈரானில் நிலத்தடியில் நீர் கொண்டுவரும் கனாத், ஏமனில் மெல்லும் காத் இலை, நாமெல்லாம் அறிந்த கவ்வாலி, புர்கா எல்லாமே ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின் யூ இல்லாமல் எழுதப்பட்டு, போட்டிகளில் செல்லுபடியாகும் சொற்கள். அரபுச் சந்தையைக் குறிக்கும் 'எஸ், யூ, க்யூ' என்ற சொல்லில் யூ இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால்! விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துகளால் அமைந்த குவெர்ட்டியும் அகராதியில் உண்டு. எபிரேய எழுத்தான கோஃப்-ஐயும் உங்கள் செயலி ஏற்கவில்லை. க்யூ என்ற எழுத்தே அதன் ஃபினீசிய உடன்பிறப்பிலிருந்து வந்ததுதான்.

இது வெறும் சொல் ஆசை அல்ல. க்யூவின் மதிப்பு 10. எதிராளி காய்களை முடித்துவிடும்போது அது என் கையில் தங்கினால், எனக்கு 10 குறையும், அவருக்கு 10 கூடும். கையில் யூ இல்லாதவரைக் காப்பாற்றுவதே இந்தக் குட்டிச் சொற்கள்தான். அவற்றைக் கணினிக்கு மட்டும் திறந்துவிட்டால், அப்புறம் அது என்ன போட்டி?

உங்களிடம் இரண்டு சொற்பட்டியல்கள் ஓடுகின்றன என்று சந்தேகிக்கிறேன்: கணினிக்கு முழுசு, ஆட்டக்காரருக்குச் சுருக்கம். எந்த அகராதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அமைப்புகள் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரு தரப்புக்கும் ஒரே பட்டியலை வையுங்கள். செல்லாத சொல்லுக்கு முறையைப் பறிக்கும் வழக்கம் சில போட்டிகளில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பிழை பட்டியலில் இருக்கும்போது தண்டனை எனக்கு ஏன்?

கணினி ஆடியதும் எனக்கு மறுக்கப்பட்டதும் தெரியும் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் மீதிச் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்