புயல் ஒதுக்கும் பறவைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

தமிழ்நாடு வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை காற்று தணிந்தபின் கோவளத்துக்கு வடக்கே நடந்தபோது, முதுகு கறுத்து வயிறு வெளுத்த சூட்டி ஆலா ஒன்று மணலில் இறக்கை விரித்துக் கிடப்பதைக் கண்டேன். நான் நெருங்குவதற்குள், கடற்பறவை கடலுக்குத்தானே போக வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஓர் இளைஞர் அதை எடுத்து அலையில் விட்டார். சற்று நேரத்தில் அதன் உடல் மட்டுமே கரைக்குத் திரும்பியது. வருடக்கணக்கில் தரையிறங்காமல் பறக்கும் இந்த ஆலாவின் இறகுகள் நீரைத் தாங்குபவை அல்ல என்பதையும், களைத்து ஒதுங்கிய பறவைக்கு இருட்டான அட்டைப்பெட்டியும் ஓய்வுமே முதல் உதவி என்பதையும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வங்கக் கடலில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே அது கடலிலிருந்து நிலத்தை நோக்கியும், தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கியும் வீசுகிறது. ஆகவே எந்தக் கரையில் தேட வேண்டும் என்பது வானிலை அறிவிப்பு வந்தவுடனேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தங்கள் துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் பூநாரையும் உள்ளானும் இடம்பெறுகின்றன. ஆழ்கடலிலேயே வாழும் பறவைகளை அதில் எண்ண வழியில்லை. லட்சத்தீவின் பிட்டித் தீவில் முட்டையிடும் சூட்டி ஆலாக்களுக்கும் நம் கரையில் ஒதுங்குபவற்றுக்கும் தொடர்புண்டா என்று ஆராயக்கூட, ஒவ்வொன்றும் கிடைத்த நாள், இடம், அதன் படம், காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் உண்டா என்ற குறிப்பு ஆகியவை வேண்டும்.

ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் சென்னைக் கடற்கரையில் இரவுநடை செல்வோர், இறந்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளையும் எண்ணி வைக்கிறார்கள். அதே வழக்கத்தை, ஒவ்வொரு புயலுக்கும் பிந்தைய மூன்று நாட்களுக்குப் பறவைகளுக்கும் விரிவுபடுத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். உயிரோடு கிடைத்தவை, இறந்தவை, எதுவுமே தென்படாத நாள் என அனைத்தும் பதிவாக வேண்டும். எச்சரிக்கைக் கூண்டு இறக்கப்படும் முன் எவரும் கரைக்குச் செல்லக்கூடாது என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள். என்னைப் போன்ற ஆர்வலர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

கரையில் ஒதுங்குவதை முதலில் காண்பவர்கள் மீனவர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மீன் ஏலக்கூடங்களின் சுவர்களில் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், பறவையைக் கடலில் விட வேண்டாம் என்ற ஒரு வரியையும் எழுதிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துவரும் ஒருவர்